வலது பூட்ஸ்

மூன்றாவது நாளாகக் கலினா நொண்டிக்கொண்டே, பனிச்சறுக்கு பூட்ஸ் சரிசெய்யும் ரூமெனின் கடைக்குள் நுழைந்தாள். பல்கேரியாவின் பான்ஸ்கோ மலையூரில், பனிச்சறுக்குப் பள்ளி டீச்சர் அவள்.

"அண்ணே, வலது முழங்காலுக்குக் கீழ எலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"கொக்கியைத் தளர்த்தியாச்சு, உள்ளுறையை மாத்தியாச்சு. உன் வலது பூட்ஸை நோண்டி நோண்டி எனக்கே கை வலிக்குதும்மா!"

"இன்னிக்குச் சரியாகலன்னா நாளைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க."

ரூமெனுக்குப் புதிராக இருந்தது. இரண்டு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். உடல் பாரம் மொத்தமும் வலது காலிலேயே இறங்கியது.

"இடது பூட்ஸைக் கழட்டு, பார்க்கிறேன்."

"அதெல்லாம் வேண்டாம். அந்தக் கால் வலிக்கவே இல்ல."

"ஏன் வலிக்கலன்னுதான் பார்க்கணும்."

கலினா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, இடது பேண்ட்டை மெல்லச் சுருட்டினாள். பூட்ஸுக்கு மேலே சதை இல்லை. கறுப்பு உலோகக் குழாய்தான் இருந்தது.

"ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது அண்ணே. தெரிஞ்சா வேலை போயிடும்."

ரூமென் பூட்ஸைக் கழற்றி, அந்தச் செயற்கைக் கணுக்காலை அசைத்துப் பார்த்தார். பூட்ஸின் முன்சாய்வுக்கு ஏற்ப அது மடங்கவில்லை. பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அடியில் சரிவான ரப்பர் துண்டு ஒன்றைச் செருகி, மறுபடி மாட்டி நிற்கச் சொன்னார். இடது காலும் முன்னால் சாய்ந்து, தன் பங்குப் பாரத்தை வாங்கிக்கொண்டது.

"அட! வலி விட்டுடுச்சு அண்ணே!"

கதவு திறந்தது. பள்ளி முதல்வர். கலினா அவசரமாகப் பேண்ட்டை இறக்கிவிட்டாள்.

"என்ன ரூமென், கோளாறு எந்தக் கால்ல?"

"கால்ல இல்ல சார், என் கண்ணுலதான். மூணு நாளா தப்பான பூட்ஸையே பார்த்துட்டிருந்தேன்" என்றார் ரூமென்.