பதினைந்து ரூபாய் வித்தியாசம்

1948ஆம் வருஷம், தீபாவளி கழிந்து பத்தாம் நாள், மாலை நாலரை மணி. தியாகராய நகரில் நூர் முஹம்மதுவின் கடிகாரக் கடையில் நான்கு பேர் இருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் நூர் முஹம்மது. ஜன்னலோர மேஜையில், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி செருகிய மெக்கானிக் இனாயத். சுவரோர பெஞ்சில், ரிப்பேருக்குக் கொடுத்த அலாரம் கடிகாரத்துக்காகக் காத்திருந்த ஹாஜிரா பீ. நடு நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, நீதிபதி மாதிரி கருணாகரன்.

வாதியும் அவரே என்பதால் வழக்கு வேகமாக நடந்தது.

"பாய், இந்தக் கைக்கடிகாரத்தைத் தீபாவளிக்கு முந்தின வாரம் நூத்தி இருபதுக்கு வாங்கினேன். இன்னைக்கு வாசல் பலகையில நூத்தஞ்சுன்னு எழுதி வச்சிருக்கீங்க. நியாயமா?"

"பண்டிகை முடிஞ்சுபோச்சு சார். மிச்சம் கீற சரக்கைத் தள்ளணும்ல? நூத்தம்பது ரூபா வாட்சு. அதுல முப்பது ரூபா தள்ளுபடி அன்னைக்கே வாங்கிக்கினீங்களே."

"அது அன்னைக்குத் தள்ளுபடி. இது இன்னைக்குத் தள்ளுபடி. நடுவுல ஏமாந்தவன் நான்தானா?"

"ரெண்டு வாரமா கட்டிக்கினு சுத்துனதுக்கு வாடகை கேளு நூர் பாய்" என்றாள் ஹாஜிரா பீ.

கருணாகரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூப்பிடாத சாட்சியை அவர் மதிப்பதில்லை.

"பில்லு கொண்டாந்தீங்களா சார்?"

"அது சாத்தூர்ல எங்க மாமனார்கிட்ட இருக்கு. உங்க பேரேட்டைப் பாருங்க, தெரியும்."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் என்று வாக்குக் கொடுத்தவர், சாத்தூர் மிளகாய் மண்டி வெள்ளைத்துரை. பட்டணத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி நூற்றைம்பது ரூபாயை மணியார்டர் செய்துவிட்டு, பில் மட்டும் தன் பெயருக்கு, தன் விலாசத்துக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தார். கருணாகரன் அப்படியே செய்தார். முழு விலைக்குப் பில் போடச் சொல்லி, மறு தபாலில் அனுப்பியும் வைத்தார். மாப்பிள்ளையின் நாணயத்தில் மனம் குளிர்ந்த வெள்ளைத்துரை, பொங்கலுக்கு அடையாறில் மனை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பெரிய இடத்துச் சம்பந்தம் என்றால் சும்மாவா!

நூர் முஹம்மது பேரேட்டில் விரல் வைத்துத் தேடினார். "கீது சார், கீது. ஆனாலும் வித்ததுக்கப்புறம் வெலை எறங்கினா..."

"வாசல்ல 'வாடிக்கைக்காரர் சந்தோஷமே எங்கள் லாபம்'னு போர்டு தொங்குதே, அதைக் கழட்டச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதவா? எனக்கு ஒரு மணி நேர வேலை."

நூர் முஹம்மது பதினைந்து ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தார். "இந்தாங்க சார். எனக்கு இன்னைக்கு லாபம் போதும்."

வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் கருணாகரன், கோவில்பட்டி போர்டு ஸ்கூலில் கடிதம் எழுதுவதில் பரிசு வாங்கியவர். இப்போது மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றில் அதே வேலைக்குச் சம்பளம் வாங்குபவர். பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"கடிதம்?"

"இன்னா கடிதம்?"

"பணம் கொடுத்ததுக்கு. நாளைக்கே கணக்குல தப்புன்னு வந்து நின்னீங்கன்னா?"

"இப்பவே எழுதித் தர்றேன், கையோட எடுத்துக்கினு போங்க."

"கையில வாங்கினா அது துண்டுச் சீட்டு பாய். தபால்ல போய், முத்திரை விழுந்தாத்தான் கடிதம்."

"துட்டும் குடுத்து கடுதாசியும் குடுக்கணுமாம்" என்று ஹாஜிரா பீ இனாயத்திடம் சொன்னாள். "இவருக்குப் பொண்ணு குடுத்த மனுசன் இன்னா பாடு படறாரோ!"

கருணாகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நூர் முஹம்மது எழுதினார்.

"இலக்கம் போட்டு எழுதுங்க. ஒன்று, பில்லில் கண்ட விலை ரூபாய் நூற்றைம்பது. இரண்டு, வாங்கிய அன்றே கருணாகரன் அவர்களிடம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்த தள்ளுபடி ரூபாய் முப்பது. 'அவர்கள்' போட்டீங்களா? மூன்று, இன்று மேற்படியாரிடம் கொடுத்தது ரூபாய் பதினைந்து. நான்கு, ஆக மொத்தம் மேற்படியார் பெற்றுக்கொண்டது ரூபாய் நாற்பத்தைந்து."

"முப்பது ரூபா பழைய கதையாச்சே சார். அதுவும் வேணுமா?"

"எல்லாம் இருக்கணும். அரைகுறைக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை."

எழுதியதை வாங்கி, தலையிலிருந்து கால்வரை படித்தார். நாற்பத்தைந்தின் அடியில் தன் பேனாவாலேயே இரண்டு கோடு இழுத்தார். நூர் முஹம்மது கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை குத்தி, பேரேட்டைப் பார்த்து உறைமேல் விலாசம் எழுதத் தொடங்கியபோது, கருணாகரன் மணிக்கட்டைத் திருப்பிப் புதுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணிக்குத் தபால் பெட்டியைத் திறந்துடுவான். சீக்கிரம், சீக்கிரம்!"

இனாயத் உறையைப் பசை தடவி ஒட்டினான், தெருமுனைக்கு ஓடினான். தபால்காரர் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். கடிதத்தைக் கையிலேயே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வாசல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்த பிறகுதான் கருணாகரன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"காரியம்னா இப்படி இருக்கணும். நாளைக் காலையில கைக்கு வந்துடும், இல்லையா பாய்?"

"நாளைக்கா? சாத்தூருக்கு ரெண்டு நாள் ஆவும் சார்."