பதினேழாவது சொல்லுக்கு ஆட்சேபம்

கர்ர்… சுக். கர்ர்… சுக்.

இருட்டின பிறகு ஸ்டோர் ரூமிலிருந்து இப்படி ஒரு சத்தம் வருகிறது, அந்தப் பக்கம் ரோந்து போக முடியாது என்று செக்யூரிட்டி புகார் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவி மேடம் அதை வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் நான்தான்.

குழந்தைக்கு ஐந்து மாதம். கூட்டம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது ஆகும். நடுவில் போய் பம்ப் வைத்துப் பால் எடுக்காவிட்டால் மார் கல்லாகிவிடும். ஸ்டோர் ரூம் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. முதுகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பம்ப், தாழ்ப்பாள் இல்லாத கதவு எல்லாவற்றையும் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்.

"நீதானா அந்தப் பேய்?" மேடம் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "நானும் ரெண்டு பெத்தவதாம்மா. நீ பாட்டுக்குப் போயிட்டு வா. நீ வராம இங்க எதுவும் நடக்காது."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எங்கள் கமிட்டியின் வேலை, சொற்களுக்கு வரையறை எழுதுவது. படிகத்தின் மேல் விழும் எக்ஸ்-ரே கற்றை எந்தப் பக்கமாக அதிர்கிறது என்பதற்குப் பெயர் போலரைசேஷன். அதை ஆய்வுக்கூடத்துக்கு ஒரு விதமாகக் குறித்து வைத்தால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்கு உதவாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக நாற்பது சொற்கள். இரண்டு வருடத்தில் முடிந்தவை பதினாறு. 'கற்றை' என்றால் என்ன என்பதற்கு மட்டும் ஏழு மாதம் ஆனது.

பதினேழாவது, சாய்வுக் கோணம். அந்த அதிர்வு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. எழுதியது நான். நிறைவேறினால் என் வேலை நிரந்தரம். ஆனால் சொல்லை எடுக்கும்போது எழுதியவர் அறையில் இல்லையென்றால் சொல் போச்சு. அது விதி. புதன்கிழமை வரைதான் கெடு.

இந்த அழகில் கமா சார் எமனாக வந்து சேர்ந்தார். கமா இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அன்று நான் பாட்டிலோடு திரும்பியபோது நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்.

"கோணம்னா, எங்க நின்னு பார்க்கிற கோணம்? கதிர் கிளம்புற இடத்துல நின்னா வலது பக்கம் சாயும். படிகத்துகிட்ட நின்னா அதுவே இடது பக்கம் சாயும்."

"'படிகத்திலிருந்து பார்க்க'ன்னு ரெண்டாவது வரியிலேயே இருக்கே, சார்," என்றார் ஒருவர் கொட்டாவியோடு.

"படிகத்துக்குக் கண்ணு எங்க இருக்கு? அதை வரையறுத்தாச்சா?"

கான்வென்டில் லேட்டாகப் போனவள் மாதிரி வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்.

"சரி, நேரமாச்சு. இதை நாளைக்குப் பார்ப்போம்," என்றார் மேடம். போகும்போது என் காதோடு, "பார்த்தியா? உன் சொல்லை எந்திரிக்கவே விடமாட்டார் போல. ஆம்பிளைங்க இப்படித்தான்" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வீட்டில் கணவரிடம் கமா சாரைத் திட்டித் தீர்த்தேன். குழந்தை விழித்துக்கொண்டது.

புதன்கிழமை ஸ்டோர் ரூமுக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். எட்டு மணிக்கு ஜாக்கெட் நனைந்துவிட்டது. ஓடினேன். திரும்பியபோது படிகம் தலைகீழாக இருந்தால் அதன் வலது கை எது என்று கமா சார் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம்.

"எனக்கு ஆட்சேபம் ஒண்ணுமில்ல. ஓட்டுக்கு விடுங்க," என்றார்.

கைகள் உயர்ந்தன. கடைசியாக, மெதுவாக, மேடத்தின் கை. பதினேழாவது சொல் நிறைவேறியது.

மறுநாள் கையெழுத்துக்காகக் கூட்டக் குறிப்பு என்னிடம் வந்தது.

'எழுதியவர் அறையில் இல்லை, எனவே பதினேழாவது சொல்லை நீக்கலாம் என்று தலைவி முன்மொழிந்தார். உறுப்பினர் ஒருவர் விளக்கம் கேட்டார். திங்கள், 22 நிமிடம். செவ்வாய், 25 நிமிடம். புதன், 31 நிமிடம்.'

மூன்று முறை படித்தேன். அன்று மாலை ஸ்டோர் ரூமுக்குப் போனால், கார்ப்பென்டர் கதவில் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா வேலை பார்க்கிறேம்மா. ஒரு தாழ்ப்பாளுக்கு இவ்வளவு விளக்கம் யாரும் எழுதித் தந்ததில்ல," என்று ஒரு சீட்டை நீட்டினார்.

திங்கட்கிழமை தேதி போட்டிருந்தது.

'தாழ்ப்பாள் ஒன்று, கதவின் உட்புறம், பொருத்தவும். உட்புறம் என்பது, அறைக்குள் இருப்பவர், பார்க்கும் பக்கம்.'

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.