கம்பளிச் சட்டை அணிந்த இயந்திரம்

ஹாலிஃபாக்ஸ் நகரில் பனி கொட்டிய அந்தக் காலையில், ஹோல்ராய்டு முண்டா பனியனும் அரைக்கால் சட்டையுமாக அமர்ந்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். சன்னல் விரியத் திறந்திருந்தது.

ஆய்வுக்காக அவருக்குத் தந்திருந்த ஹீட் பம்பைப் பறிமுதல் செய்யவே ஆராய்ச்சியாளர் இமோஜென் வந்திருந்தாள். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடும் அவ்வியந்திரம் நிஜ வீடுகளில் எப்படி உழைக்கிறது என்று கணினியில் மாதிரி அமைப்பது அவள் பணி. தெருவிலேயே அதிக மின்சாரத்தை விழுங்கியது இந்த வீடு.

பக்கத்து வீட்டு மிஸ் சக்டனோ நேர்மாறு. மின்சாரம் துளியும் செலவில்லை. வீடு மட்டும் இதமாக இருந்தது. வெப்பத்தை மின்சாரத்தால் வகுத்த கணினி, எல்லையற்ற திறன் என்று விடை சொல்லிற்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அவர், இயந்திரத்துக்குக் குளிருமே என்று கம்பளிச் சட்டை பின்னி மாட்டியிருந்தார். சூட்சுமம் அதுவே என முடிவுகட்டிய இமோஜெனின் மேலிடம், தெருவிலுள்ள இயந்திரங்கள் அனைத்துக்கும் சட்டை பின்ன உத்தரவிட்டிருந்தது.

"அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கக் கூடாதா?" என்றாள் இமோஜென்.

"ஸ்கூல்லயே அவங்ககிட்ட ஒண்ணும் கத்துக்கல, கண்ணு."

சன்னல் ஏன் திறந்திருக்கிறது என்றாள். வேர்க்கிறது என்றார். சூட்டைக் குறைக்கலாமே என்றாள். அவர் இன்னும் வேகமாக விசிறிக்கொண்டார்.

நாளையே இயந்திரத்தைக் கழற்ற ஆள் வருமென அறிவித்துவிட்டு எழுந்தவள் சட்டென நின்றாள். வீட்டுக்குள் சூடு பரப்பும் ரேடியேட்டர்கள் அத்தனையும் ஒரே சுவரில் வரிசைகட்டி நின்றன. மிஸ் சக்டன் வீட்டுக்கும் அதுவே சுவர். அதன் வழியே வெப்பம் கடக்காது என்றுதான் அவளது மாதிரி நம்பியிருந்தது.

"அவங்க மெஷினைப் போடறதே இல்லையா?"

"போட்டதே இல்ல. கரண்டு பில்லுன்னா பயம். அதை வெளிய சொல்ல ரோஷம். போன குளிர்ல விறைச்சுப்போய் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. இப்ப கம்பளிதான் காப்பாத்துதுன்னு நம்பறாங்க. நம்பட்டும்."

இமோஜென் மறுபடி உட்கார்ந்தாள். நாளை யாரும் வரமாட்டார்கள் என்றாள். பிறகு, அடக்கமாட்டாமல் கேட்டாள்: "நேரா உதவி பண்ணக் கூடாதா, ஐயா? இதென்ன சுத்துவழி?"

ஹோல்ராய்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"சூப் கொண்டுபோனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, கண்ணு. சுவரை எப்படித் திருப்பி அனுப்புவாங்க?"