கறாரான கஸ்டமர்

கிறீச்… டொக். கிறீச்… டொக்.

விளக்கணைத்த படுக்கையறையிலிருந்து வந்தது சத்தம். உள்ளே ஐந்து மாதக் குழந்தை. அதன் அம்மா, திருடனோ என்று அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடினாள்.

திருடனில்லை. நாத்தனார். தொட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, ஒரு குட்டி லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அண்ணி! இப்பத்தான் தூங்க வெச்சேன்!"

"பார்க்க லட்சணமாத்தான் இருக்கு. கீல்தான் சரியில்லை."

தொட்டிலில் வீல் என்று அழுகை.

நாத்தனாருக்கு லேப்டாப் கடை. தம்பி வெளியூர் போயிருக்கிறானே, ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஒரு வாரம் வந்து தங்கியிருந்தாள்.

"ஒரு கஸ்டமருக்காகப் பார்க்கறேன். ரொம்பக் கறாரான ஆளு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் வேறொன்று. கீல் பரவாயில்லை, கீபோர்டைத் தட்டினால் கடகடவென்றது. வீல்!

அதற்கு மறுநாள் வந்தது அரை மணியில் சூடேறி, உள்ளே விசிறி உறுமியது. வீல்!

அன்றைக்குப் புருஷனிடம் போனில் பொரிந்து தள்ளினாள். "உங்க அக்கா ஒத்தாசைக்கு வந்தாங்களா, உபத்திரவம் பண்ண வந்தாங்களா? வீட்டிலேர்ந்தே வேலை பார்க்க வரியான்னு ஆபீஸ்ல கேட்டு ஒரு வாரமாச்சு. நாளைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆள் போட்டுடுவாங்க. இவன் சேர்ந்தாப்பல ஒரு மணி நேரம் தூங்கினாத்தானே? முடியாதுன்னே எழுதிடப்போறேன்."

"அவகிட்டயே சொல்லேன்."

"பயமா இருக்கே!"

நாலாம் நாள் சத்தமே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினாள். அடிப்பாகம் கூடவே எழும்பவில்லை. மூலையை அழுத்தினாள், முனகவில்லை. மடியில் வைத்து மடமடவென்று தட்டினாள். பஞ்சில் தட்டுவதுபோல இருந்தது.

இவளுக்குப் பொறுக்கவில்லை. கிசுகிசுப்பாகவே சண்டைக்குப் போனாள்.

"போதும் அண்ணி! கஸ்டமர் அவ்வளவு முக்கியம்னா கடையில வெச்சுப் பாருங்களேன். என் பிள்ளை தூக்கம்தான் கிடைச்சுதா?"

"கடையில எப்படிப் பார்க்கறது? கஸ்டமர் இங்கேதானே தூங்கறான்!"

நாத்தனாரின் மோவாய் தொட்டிலைக் காட்டியது.

"மூணை அழுதே ரிஜெக்ட் பண்ணிட்டான். இதுக்கு ஒரு மணி நேரமா புரண்டுகூடப் படுக்கலை. பாஸ்!"

"எனக்கா அண்ணி…? சொல்லியிருக்கலாமே!"

"உன் ஆபீஸ் விஷயத்தைத் தம்பி அன்னிக்கே சொல்லிட்டான். உன்கிட்ட சொன்னா வேண்டாம்னிருப்ப. பிடி."

கையில் வாங்கினாள். குழந்தையைவிட லேசாக இருந்தது.

"வரேன்னே எழுதறேன் அண்ணி."

"எழுது. அடுப்பை நான் பார்த்துக்கறேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. நானே தட்டினாலும் திறக்காதே" என்று நாத்தனார் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

குளிக்கப் போனால்கூடக் கதவை ஒருக்களித்தே வைத்துப் பழகியவள், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.