வேகாத கல்

பீங்கான் பட்டறையின் சோதனை அறையில், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மணல் உருளை ஒன்று நிற்கிறது. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் களிமண் தூசி அலைகிறது. மணலில் பாக்டீரியாவை விட்டு, பதினான்கு நாள் யூரியாவும் சுண்ணாம்புச் சத்தும் ஊட்டி அதை இறுகவைத்த வாசுகி, அழுத்தும் மிஷினின் கைப்பிடியைச் சுற்றுகிறாள். முந்தைய இரண்டு உருளைகளும் தகடு பட்டதுமே உதிர்ந்துவிட்டன, இதுதான் கடைசி. மேசையில் நோக்கியா போன் அதிர்கிறது, அவள் திரும்பவில்லை. கோப்பையைத் தட்டிப் பார்ப்பதுபோல உருளையைத் தட்டிப் பார்த்துவிட்ட சூளைக்காரர் பழமலைநாதன் நிலைகொள்ளாமல் நடக்கிறார். “கணீர்னு சத்தமே இல்லம்மா. சூளையில வேகவச்சித் தரேன்னேன், கேக்கலியே நீங்க.” “சூடு பட்டா பாக்டீரியா செத்துடுங்க.” மிஷினில் அழுத்தம் காட்டும் முள் பத்தைத் தாண்டுகிறது, இருபதைத் தாண்டுகிறது. அவள் செருப்பு நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. முப்பதில் அவர் நடையை நிறுத்திக் குனிந்து பார்க்கிறார். ஒரு மணல் துகள்கூட உதிரவில்லை. நாற்பது. “போதும், நிறுத்துங்கம்மா. நல்லாத்தான நிக்குது. பாவம், உட்டுடுங்க.” “உடைஞ்சாதாங்க எவ்ளோ தாங்குச்சுன்னு எழுத முடியும்.” நெருப்பைத் தவிர எதையும் நம்பாத அந்த மனிதர் அவளை மேலே சுற்றவிடாமல் கைப்பிடியின் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பிடியையும் மீறி அவள் சுற்றுகிறாள்.