தள்ளிப்போன காதுகுத்து

மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாயிற்று. கிடா துலுக்கவில்லை.

உடம்பை ஒரு தடவை சிலிர்த்து உதறினால் போதும். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அரிவாள் இறங்காது. கிடா விழாமல் காது குத்துவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை.

பூசாரி இரண்டாவது சொம்பை எடுத்தார்.

அவள் இடுப்பில் இரண்டு வயது மகன். அவன் நெற்றியில் அவள் கை.

சுடவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு முன்னாலும் சுடவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டாள்.

இது அவன் காதுகுத்துக்குக் குறித்த நான்காவது நாள். முதல் தடவை அவனுக்குக் காய்ச்சல். இரண்டாவது தடவை, மூத்தவள் தேன்மொழி பால்வாடியிலிருந்து வாய்க்கொப்புளம் வாங்கி வந்தாள். மூன்றாவது தடவை இருவருக்கும் சளி. போதாததற்கு வீட்டுக்காரனுக்கும். ஆம்பளைக்குச் சளி பிடித்தால் அது தனி நோய்.

மூன்று தடவையும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டவள் அவள்தான்.

"புள்ளையப் பாத்து வளத்தா ஏன் சீக்கு வருது?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டவளும் அவள்தான்.

இந்தத் தடவை யாருக்கு என்ன வந்தாலும் தள்ளிவைப்பதில்லை என்று குலசாமி மேல் சத்தியம் செய்திருந்தாள்.

முதல் தடவைக்கென்று வாங்கிய கிடா மட்டும் கொல்லையில் நின்று மூன்று மாதம் அகத்திக்கீரை தின்றது. பிள்ளைகள் மூக்கொழுக அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு தும்மல்கூட அதற்கு இல்லை. அந்த வீட்டில் சீக்கு வராத ஒரே உயிர் அதுதான். அவளுக்கு அதன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது சொம்பும் தீர்ந்தது.

கிடா குத்துக்கல் மாதிரி நின்றது.

"இன்னொரு சொம்பு ஊத்துங்க பூசாரி," என்றான் அவள் தம்பி. மடியில் உட்காரவைத்துக் காது குத்தவேண்டிய தாய்மாமன். நான்காவது தடவையாகத் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான்.

அப்போதுதான் தேன்மொழி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள்.

கிடாவின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில். பிறகு காதுக்குப் பின்னால். அம்மா செய்கிற அதே வரிசை.

"ம்மா, சுடுது. இன்னிக்கு வேணாம்."

கூட்டம் சிரித்தது.

ஐந்து வயது மகள் அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. காய்ச்சல் வந்தால் தள்ளிவைப்பார்கள். பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் பார்த்த நியாயம் அது. அதைக் கேட்டு நின்றாள்.

பூசாரியின் கையில் மூன்றாவது சொம்பு. அவர் தாயைப் பார்த்தார். தம்பி பார்த்தான். அடுப்பு மூட்டிவிட்டு மசாலா அரைத்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள்.



அவள் மகனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கிடாவின் கழுத்தைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ராப்பகலாகத் தொட்டுத் தொட்டுத் தேறிய கை. தெர்மாமீட்டர் தப்பினாலும் அது தப்பாது.

வெதுவெதுவென்று இருந்தது. ஆட்டுக்கு எப்போதுமே அந்தச் சூடுதான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஆடு வளர்த்த வீட்டில் பிறந்த அவளுக்கும் தெரியும்.

"நூத்திரெண்டு இருக்கு," என்றாள். "தள்ளி வச்சிருவோம்."