கடைசிப் பிரிவு

"எனக்கு எட்டாங்கிளாஸ் கடைசிப் பிரிவுதான் சார் வேணும்."

எந்தப் பிரிவு வேண்டும் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்று வாசலிலேயே குமாஸ்தா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவளோ கேட்டே விட்டாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் முதல் பிரிவு கேட்டுத்தான் என் உயிரை வாங்குவாங்க. நீ என்னம்மா தலைகீழா நிக்கிற? அங்க இருக்கிறதெல்லாம் வீட்டுல வேற பாஷை பேசுறதுங்க. அப்பன் ஆத்தாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது."

"எங்கப்பாவும் கைநாட்டுதான் சார்."

"அதுக்காக? உன் மார்க்குக்கு முதல் பிரிவுன்னு எழுதியே வெச்சுட்டேன். அங்க போனா உருப்படமாட்டே."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "ரெண்டு வருஷமா அங்க கணக்குக்கு ஆளே இல்ல. அப்புறம் எப்படி சார் உருப்படும்?"

அவர் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதம்மா. நீ அங்க போயிட்டா, முதல் பிரிவுக்கு யாரு கணக்கு நடத்துறது?"

"நீங்களும் கணக்கு வாத்தியார்தானே? நீங்க நடத்துங்க சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சரி என்று சொல்லும்வரை புது டீச்சர் காத்திருக்கவில்லை. மேஜைமேல் கிடந்த கடைசிப் பிரிவின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மனசு நிறைய வெளியே நடந்தாள்.